மஞ்சக்கொடி அண்ணன் கொடுத்த தண்டனை

பிள்ளைகளா, உலகத்தின் எந்த மூலையில் கார் பந்தயம் நடந்தாலும், அதை நடத்துகிறவர்கள் எங்கள் மஞ்சக்கொடி அண்ணனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இன்னும் ஒழுங்காக நடத்தியிருப்பார்கள். இதை நான் சொல்லவில்லை. அவரே சொன்னது.

ஒரே ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்து, தரையோடு ஒட்டிக்கொண்டு பறக்குமே, அந்தக் கார்களைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ஓட்டிப் பழகுவார்கள். சனிக்கிழமை தனித்தனியாக நேரம் பார்த்து, வேகமானவருக்கு முதல் இடம் என்று வரிசை போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வரிசையில் நின்று பந்தயம். மூன்று நாளையும் அண்ணன் செல்போனில் ஒன்று விடாமல் பார்ப்பார். மற்றபடி அவருக்குப் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிற சோலி. மலைப்பாதையில் எதிரே லாரி வந்தால் மஞ்சள் துண்டு ஒன்றை வெளியே நீட்டி ஆட்டுவார். பந்தயத்தில் ஆபத்து என்றால் அப்படித்தான் கொடி காட்டுவார்களாம். லாரிக்காரர்கள் ஏதோ கோயில் துணி என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

நான் அந்தத் தோட்டத்து ஸ்டோரில் காய் எடை போடுகிறவன். அதே ஜீப்பில்தான் போவேன். விடிகிற நேரத்தில் வளைவு வளைவாக ஏறும்போது மேகம் உள்ளே வந்து எங்கள் மடியில் உட்காரும். எல்லாருக்கும் அரைத்தூக்கம். அண்ணன் குரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கடலோரத்து ஊர் ஒன்றில் சந்துக்குள்ளேயே பந்தயமாம், முந்துவதற்கு ஒரு முழம் இடம் கிடையாதாம். மணல் காட்டில் பகல் போல விளக்குப் போட்டு ஓட்டுவார்களாம். கண்ணை மூடினால் அந்தக் கடல் தெரியும். கண்ணைத் திறந்தால் ஏலச்செடி தெரியும். எது நிஜம் என்று யோசிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

"சில ஊர்ல சனிக்கெழமையே ஒரு குட்டிப் பந்தயம் வைக்கிறாய்ங்க," என்பார் அண்ணன் வருத்தமாக. "கல்யாணத்துக்கு முந்தின நாளே கறிவிருந்து போட்டா, மறுநாளு எவன் பசியோட வருவான்?"

"எனக்கு ரெண்டு நாளும் பசிக்கும் அப்பு, நீ போடு," என்பார் முன்சீட்டிலிருந்து பேச்சியம்மா. காய் பறிப்பவர்களில் அவர்தான் மூத்தவர்.

ஒருமுறை வழியில் பஞ்சர். பந்தயத்தில் ரெண்டு மூணு செகண்டில் நாலு சக்கரமும் மாற்றுவார்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுத்தார். ஸ்பானர் பிடிக்க ஒருவர், ஜாக்கி தூக்க ஒருவர், கை காட்ட ஒருவர். முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு நட்டு உருண்டு மேகத்துக்குள் போனது. அது விழுந்த சத்தம் இன்றுவரை வரவில்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கிக்கொண்டோம். ஆனால் ஜீப்பில் சீட்டு பிடிக்கவும் அவர் பந்தய விதியைக் கொண்டுவந்தார். சனிக்கிழமை காலையில் ஜீப்புக்கு யார் முதலில் வருகிறார்களோ அவருக்கு அடுத்த வாரம் முழுக்க முன்சீட்டு. மற்றவர்கள் வந்த வரிசைப்படி பின்னால். அதுவரை தினமும் முடியைப் பிடித்துச் சண்டை நடந்த இடம் அது. விதி வந்தபின் சண்டை நின்றது, ஓட்டம் வந்தது. வெள்ளிக்கிழமையே சிலர் வீட்டிலிருந்து வேகமாக நடந்து பழகிப் பார்த்தார்கள். பேச்சியம்மாவோ சனிக்கிழமைகளில் அண்ணனுக்கே முன்னால் வந்து நிற்பார்.

அப்போதுதான் சுந்தரி வேலைக்குச் சேர்ந்தாள். பக்கத்து ஊரான சிலமலையிலிருந்து முதல் பஸ்சைப் பிடித்தாலும் அவள் கடைசிக்கு முந்தின ஆள்தான். கடைசி ஆள் நான். பின்கதவு ஓரம் புகையும் தூசியும் குலுக்கலும். மூன்றாவது வளைவிலேயே வாந்தி. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பாதி நாள் மரத்தடியில் கிடப்பாள். ஒருநாள் கங்காணி சொல்லிவிட்டார்: "நாளைக்கும் இப்டியே வந்து படுத்தா, வேற சோலி பாத்துக்கத்தா."

அவளுக்கு வேற சோலி ஏது? பாதை தெரிகிற முன்சீட்டில் உட்கார்ந்தால் குமட்டாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அன்று சாயங்காலம் மலை இறங்கும்போது நான் கேட்டேன். "அண்ணே, அந்தப் பிள்ளைய முன்னால உக்கார வைங்க."

"சனிக்கெழம விழுந்த வரிசைய நானே மாத்த முடியாது. இன்னைக்கி அவளுக்கு மாத்துனா, நாளைக்கி எல்லாருக்கும் ஒரு காரணம் வரும்."

பேச்சியம்மாவும் இடத்தை விடவில்லை. "எனக்கு முட்டு வலிப்பா. பின்னால ஏற முடியாது."

மறுநாள் காலை அண்ணன் ஜீப்பைக் கிளப்பாமல், ஒரு காகிதத்தை விரித்துக்கொண்டு நின்றார்.

"வாரம் பூராம் நடந்த குத்தத்துக்கெல்லாம் தண்டனை போட்ருக்கேன். கேட்டுக்கங்க. பேச்சியம்மா, ஓடுற வண்டியிலருந்து வெத்தல துப்புனது. பின்னால போங்க. முனியம்மா, தூக்குவாளியிலருந்து கொழம்பு சிந்துனது. பாதையில எண்ணெய் கொட்டுன மாதிரி. பின்னால போங்க."

இப்படியே ஒவ்வொருவராக. என் பெயரும் வந்தது. "தூங்கிப் பக்கத்து ஆளு மேல சாஞ்சது. அடுத்தவன் பாதையில குறுக்க வந்த குத்தம்."

"நான் இருக்குறதே கடைசி எடம்ணே. இன்னும் எங்க போக?"

"ஸ்டெப்னி மேல உக்காருங்க."

பெயர் வராமல் மிஞ்சியது சுந்தரி ஒருத்திதான். பேச்சியம்மா இடுப்பில் கை வைத்தார். "தெனம் வாந்தி எடுக்குதே, அது குத்தமில்லையா?"

அண்ணன் காகிதத்தைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். "அது இஞ்சின் கோளாறு. இஞ்சின் கோளாறுக்குப் பந்தயத்துல தண்டனையே கெடையாது."

பேச்சியம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "நகருங்கடி," என்று பின்னால் ஏறி, முனியம்மாவின் தோளைப் பிடித்து உட்கார்ந்தார். அன்று சுந்தரி பதினேழு வளைவையும் கண் திறந்து பார்த்துக்கொண்டே போனாள். சாயங்காலம் அவள் பறித்த காயை நான்தான் எடை போட்டேன். கங்காணி எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த மூட்டையைப் பார்க்கப் போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் செல்போனில் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல வேகமான ஒருவர் ஏன் பின்னால் நிற்கிறார் என்று கேட்டேன்.

"இஞ்சின் கோளாறாகி மாத்தினாங்கப்பா. கணக்குக்கு மேல இஞ்சின் மாத்தினா பின்னாலதான் நிக்கணும். அது தண்டனை."

"இது புது விதியா?"

"ரொம்ப வருசமாவே இருக்குப்பா. பந்தயம் பாக்குற எல்லாருக்கும் தெரியும்."

பிள்ளைகளா, மூன்று நாளையும் ஒன்று விடாமல் பார்க்கிற மனுசருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.