புதராய்ப் பதிவான பாடகன்

ஒரு காட்டில் சாந்தப்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். பாட்டெழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது, கடைசியில் கைதட்டுவது எல்லாமே அவன்தான் என்பதால் அவனைச் சுயாதீனப் பாடகன் என்றார்கள்.

ஆசைப்பட்டு அவன் தனியாகப் போகவில்லை. முதலில் தவளைகளின் குழுவில்தான் இருந்தான். உருக்கமான இடம் வந்தால் சாந்தப்பனுக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொள்ளும். ஒரு கச்சேரியில் கொஞ்சம் அதிகமாகவே உருகிவிட்டான். பக்கத்திலிருந்த மத்தளம் கிழிந்தது, மத்தளக்காரருக்கும் இரண்டு இடத்தில் குத்து. மறுநாளே கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்கள். இதில் கொடுமை என்னவென்றால், பிராணிகள்மேல் அவனளவுக்குப் பாசம் வைத்தவன் அந்தக் காட்டிலேயே கிடையாது. எறும்பு வரிசை குறுக்கே வந்தால் கடைசி எறும்பு கடக்கும்வரை நிற்பான். எறும்பு வரிசைக்குக் கடைசி ஏது? பாதி நாள் அதிலேயே போய்விடும். ஒரு முயல்குட்டியையாவது அணைத்துக் கொஞ்ச வேண்டும் என்று கொள்ளை ஆசை அவனுக்கு. முயலம்மாளோ பத்தடி தள்ளி நின்றே நலம் விசாரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அந்த ஏக்கத்தில் மூன்று நாள் அழுது ஒரு பாட்டு எழுதினான். ‘கிட்ட வாங்க’ என்று பல்லவி. குளக்கரைக் கோடை விழாவுக்கு எல்லாப் பிராணிகளும் வரும். அங்கே அதைப் பாடினால் ஒரே ஒரு ஜீவனாவது பக்கத்தில் வந்து உட்காரும் என்று நம்பினான்.

மேடையேறச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். புளியமரத்தடி அலுவலகத்தில் அதைத் தருபவர் உடும்பார். ஒரு கேள்வியைப் பிடித்தால் விடமாட்டார். வரிசையில் முன்னால் ஆமை நின்றதால் சாந்தப்பனின் முறை வர நாலு நாளாயிற்று.

“இந்தப் பாட்டு உருவானப்போ எந்தப் பிராணிக்காவது துன்பம் உண்டாச்சா?” என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டார் உடும்பார்.

பொய் சொல்லத் தெரியாதவன், தான் மூன்று நாள் அழுததைச் சொல்லிவிட்டான்.

“நீங்க பிராணிதானே?”

“ஆமாங்கய்யா.”

“அப்போ துன்பம் உண்டாயிருக்கு. தர முடியாது.”

அழவே இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தான். அழாமல் எழுதிய பாட்டு விளம்பரக் கணக்கில் வரும் என்றார் உடும்பார். அதற்கு அதிகாரி நல்ல பாம்பு, அவர் சட்டை உரிக்க விடுப்பில் போயிருக்கிறார். சாந்தப்பனுக்குத் துக்கத்தில் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. உடும்பார் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கும் மனசு என்று ஒன்று இருந்தது.

“இப்படியே அசையாம நில்லுங்க. பார்வைக்கு முள்ளுப் புதர்தான். புதர்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. செடிகொடிக்குத் துன்பம் உண்டாச்சான்னு படிவத்துல கேள்வியே கிடையாது.”

“நான் பேசுறேனேங்கய்யா?”

“அதுக்கும் கேள்வி கிடையாது.”

சாந்தப்பன் கையெழுத்துப் போட்டான். உடும்பார் முத்திரை குத்தி, அவன் காலடியில் ஒரு குவளைத் தண்ணீரும் ஊற்றினார்.

விழாவில் ‘பாடும் புதர்’ என்று அறிவித்தார்கள். முள்ளம்பன்றி என்றால் பத்தடி தள்ளி நிற்கிற கூட்டம், புதர் என்றதும் நிழலுக்கு முண்டியடித்துக்கொண்டு வந்தது. சாந்தப்பன் கண்ணை மூடிப் பாடினான். முயலம்மாளின் கடைக்குட்டி அவன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்கிப்போனது. பிறந்ததிலிருந்து அவன் அப்படியொரு சந்தோஷத்தை அறிந்ததில்லை. முள் சிலிர்க்கப் பார்த்தது, மூச்சைப் பிடித்து அடக்கிக்கொண்டான்.

இரண்டாம் சரணத்தில் ஒரு வெள்ளாடு வந்து அவன் முதுகில் ஒரு வாய் கடித்தது. சாந்தப்பன் “ஐயோ” என்றான். கூட்டம் சொக்கிப்போய் அந்த இடத்தை இன்னொரு தடவை கேட்டது. ஆடும் இன்னொரு தடவை கடித்தது. சிலிர்த்தால் ஆட்டின் வாய் கிழியும், குட்டிக்கும் குத்தும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு பாடினான்.

பாட்டு முடிந்ததும் உடும்பார் வந்து ஆட்டிடம், பிராணி என்ற முறையில் ஏதும் துன்பமுண்டா என்று விசாரித்தார்.

“கொஞ்சம் காரம். மத்தபடி குறையில்ல,” என்றது ஆடு.

அதைக் குறித்துக்கொண்டு, அவர் சாந்தப்பன் பக்கம் குனிந்தார். பக்கத்துக் காட்டுக்காரர்கள் பாட அழைத்திருக்கிறார்கள், ஆனால் புதர் ஊர்விட்டு ஊர் போக முடியாது. பதிவை ரத்து செய்தால் போதும், இன்றைக்கே முள்ளம்பன்றியாகக் கிளம்பலாம் என்றார். ஆடு கடித்த இடம் சாந்தப்பனுக்கு விண்விண்ணென்று தெறித்தது.

“ரத்து பண்ணிட்டா இந்தக் குட்டி?”

“பழையபடி பத்தடி தள்ளி.”

சாந்தப்பன் குனிந்து குட்டியைப் பார்த்தான். அது தூக்கத்தில் காதை ஒருமுறை ஆட்டியது.

“அப்போ போறப்போ கொஞ்சம் தண்ணி ஊத்திட்டுப் போங்கய்யா,” என்றான்.

நீதி: ஊரே உன்னை நெருங்கி வர வேண்டுமானால், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அசையாமல் நில். ஆட்டை உத்தேசித்துக் காரத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்.