செம்பட்டி வண்டி இன்று ரத்து

"செம்பட்டி ரயிலு எத்தன மணிக்கு சார் வருது?"

அலைபேசியில் இப்படிக் கேட்டவர் யாரென்று பழனிக்குமாருக்குத் தெரியவில்லை. செம்பட்டிக்கு ரயில் பாதையே கிடையாது. அவர் ஓட்டிய ரயில், திண்டுக்கல்லில் அவர் வீட்டு மாடியறை மேசையின் மேல், ஒரு சாண் நீளப் பெட்டிகளோடு வட்டமடிப்பது.

பொம்மை ரயில் பிரியர்களுக்காக அவர் நடத்திய இணையதளத்தில் உறுப்பினர்கள் நால்வர். அவர்களில் ஒருவர் கடவுச்சொல்லை மறந்து ஓராண்டாகிறது. பொம்மை ரயிலையும் கால அட்டவணைப்படியே ஓட்டுவது அப்பிரியர்களின் மரபு. எனவே தாம் அட்டையில் ஒட்டிச் செய்த நிலையத்துக்குச் செம்பட்டி என்று பெயரிட்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கி, வண்டி நேரங்களையும் தம் எண்ணையும் அவர் வெளியிட்டிருந்தார்.

"அன்புகூர்ந்து பொறுத்தருள வேண்டும். இன்று வண்டி இல்லை."

"நாளைக்கு?"

எவரிடமும் முகத்தில் அடித்தாற்போல் பேசிப் பழகாதவர் அவர். "நாளை... பார்க்கலாமுங்க," என்றுவிட்டார்.

மாலைக்குள் மேலும் பலர் அழைத்தார்கள். தளத்துக்கு இத்தனை வாசகர்களா என்று அவருக்கு உள்ளூரப் பெருமைதான். மனைவி ஸ்ரீமதிக்கு அது இல்லை.

"சோத்துல கை வச்சா ஃபோனு. நாளைக்கும் இப்படியே அடிச்சுச்சு, மாடி ரூம்ல வத்தல் மூட்டைய ஏத்திருவேன். ரயிலு பழைய இரும்புக்காரருக்கு."

அஞ்சிய பழனிக்குமார், "தவிர்க்க இயலாத காரணங்களால் செம்பட்டி வண்டி ரத்து செய்யப்படுகிறது. வருந்துகிறோம்" என்று அறிவித்தார்.

மறுநாள் அழைப்புகள் பெருகின. மறுபடி எப்போது ஓடும் என்பதே எல்லோருடைய கவலையும்.

அவர் விளக்கம் எழுதினார்: "இவ்வண்டி அளவில் சிறியது. பயணிகள் ஏறுதல் இயலாது. வருந்துகிறோம்."

"அப்ப சரக்கு வண்டியா?" என்று ஒரு பெண்மணி கேட்டார். "பூக்கூட ஏத்தலாம்ல?"

"ஒரேயொரு பூ வைக்கலாம் அம்மா."

"சரி, ஸ்டேஷனு எந்தப் பக்கம் வருது?"

"தென்னந்தோப்புக்கு வடக்கே," என்றார், பொய் கூடாதே என்று. துடைப்பக் குச்சியில் அத்தோப்பை வளர்த்தவரும் அவரே.

அதற்குள் ஸ்ரீமதி வத்தல் மூட்டையோடு மாடியேறி வந்துவிட்டார்.

"நகருங்க. பொம்மைன்னு ஒத்த வார்த்த சொல்றதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?"

மூட்டை தண்டவாளத்தின் மேல் இறங்கவிருந்த நேரத்தில், பழனிக்குமார் தளத்தில் அவசரமாகத் தட்டினார்: "இது பொம்மை ரயில். செம்பட்டிக்கு ரயில் கிடையாது." வருந்துகிறோம் என்று முடிக்காமல் அவர் வெளியிட்ட முதல் மறுப்பு அதுதான்.

அழைப்புகள் அடியோடு நின்றன. மூட்டையும் கீழே போயிற்று.

மறுநாள் காலை, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்து, செம்பட்டி நாச்சிமுத்து என்று சொல்லிக்கொண்டார். பழனிக்குமார் எழுந்து கைகூப்பினார்.

"தங்கள் ஊர் மக்களை ஏமாற்றும் எண்ணம் அடியேனுக்கு எள்ளளவும்..."

"அட, பொம்மைன்னு எனக்கு மொதல்லயே தெரியும், உக்காருங்க தம்பி," என்றார் நாச்சிமுத்து. "ஸ்டேஷனுக்குப் பக்கத்து மனைன்னு சொன்னப்ப நம்பாதவங்களுக்கெல்லாம் உங்க நம்பரக் குடுத்ததே நான்தான், இன்னும் ரெண்டு மனைதான் விக்கப் பாக்கி, அதுவரைக்கும் வண்டி ஓடட்டும்."