மடித்த முனை

கர்ர்ர்ரக்.

போர்வைக்குள் கண்ணை மூடியபடியே கேட்டேன். இரண்டு அங்குல அகலம். பழுப்பு நிறம். பெட்டி ஒட்டுகிற டேப். பத்தொன்பது வருடமாக டேப் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் டேப் அறுக்கிறவனுக்கு இதைக் கண்டுபிடிக்கக் கண் எதற்கு?

கர்ர்ர்ரக். மறுபடியும்.

காலை ஏழு மணி. ஊர் எழுந்திருக்கிற நேரத்தில் நான் படுக்கிறேன். என் வாழ்க்கை அப்படி அமைந்துவிட்டது. எழுந்து சமையலறைக்குப் போனேன். என் மனைவி மார்லிஸ், பள்ளிக்கூடச் சமையல் வேலைக்குக் கிளம்பிய கோட்டோடு நின்று, ஒரு தகர டப்பாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன, டப்பாவுக்கு எலும்பு முறிஞ்சிடுச்சா? இவ்வளவு கட்டு?"

"கட்டு டப்பாவுக்கு இல்ல ஆர்லன். உன் நாக்குக்கு."

உள்ளே க்ரும்காகா. ஏலக்காய் போட்டு, காகிதம் மாதிரி சுட்டு, சூட்டோடு சுருட்டிய பிஸ்கட். டிசம்பரில் எங்கள் மினசோட்டாவில் இது இல்லாத வீடு கிடையாது. இதைத் தின்னக்கூடாத ஆள் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். எனக்குச் சர்க்கரை வியாதி.

"சனிக்கிழமை வரைக்கும் இதைத் தொடாம இரு. அப்புறம் நீ பாட்டுக்கு ஏரிக்குப் போ. ரெண்டு நாள். ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

"தொட்டா?"

"ஜன்னல்."

எங்கள் பக்கம் குளிர்காலத்தில் ஜன்னல் என்றால் ஒரே அர்த்தம்தான். சட்டத்தைச் சுற்றி இருபக்கமும் ஒட்டுகிற டேப், அதன்மேல் பிளாஸ்டிக் தாள், அதற்கு ஹேர் டிரையரால் சூடு. தாள் மத்தளம் போல விறைக்கும். குளிர் வெளியே நிற்கும். அக்டோபரிலிருந்து இந்த வேலையைத் தள்ளிப்போட்டு வந்தேன்.

"நம்ம வீட்டுப் பதினொண்ணுதானே?"

"என் தம்பி வீட்டுப் பதினாலும்."

அந்தத் தம்பியின் பெயர் டெல்பர்ட். ஏரிக்கரையில் வீடு. ஏரி உறைந்ததும் பனிக்கட்டியில் இரண்டு துளை போடுவான், இரண்டு ஸ்டூல் போடுவான். ஒன்று எனக்கு. அங்கே உட்கார்ந்து தூண்டிலை விட்டால் யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. மீன்கள் உட்பட. வருடத்தில் நான் நிம்மதியாக இருக்கிற இரண்டு நாள் அவைதான்.

சபதம் எடுத்தேன். நான் அறுக்கிற டேப் காருக்குப் பெயின்ட் அடிக்கும்போது கண்ணாடியில் தெறிக்காமல் காக்கிறது. ஆஸ்பத்திரியில் ஊசியைக் கையோடு பிடித்து வைக்கிறது. குழந்தைகளின் டயபரை இறுக்கி எத்தனையோ மடிகளின் மானத்தைக் காக்கிறது. நான் என் ஒரு வாயைக் காக்க மாட்டேனா?

புதன் காத்தேன். வியாழன் காத்தேன். வெள்ளி மதியம் டெல்பர்ட் போன் செய்தான்.

"மச்சான், தூங்கறியா?"

"எங்கடா? ஏலக்காய் வாசனை படுக்கை வரைக்கும் வருது."

"டேப் கம்பெனிக்காரன் டேப்புக்குப் பயந்தா எப்படி? சூடு காட்டினா பசை இளகாதா?"

"இளகும்."

"அக்கா வர மூணு மணி ஆகும். நான் ஒண்ணும் சொல்லல."

மனிதனுக்கு மச்சான் என்று ஒருவன் இருந்தால் இப்படி இருக்கவேண்டும் என்று உருகினேன். பசையும் உருகியது. ஹேர் டிரையரில் இரண்டு நிமிடம்; டேப் சத்தமில்லாமல் உரிந்தது. மூன்றே மூன்று எடுத்தேன். மிச்சத்தைக் கலைத்து அடுக்கி இடைவெளியை மறைத்தேன்.

பழைய டேப்பைத் திரும்ப ஒட்டுவது கற்றுக்குட்டி வேலை. மார்லிஸ் எடுத்த அதே சுருளிலிருந்து புது டேப். இந்தப் பசைக்குத் தண்ணீர் வேண்டாம், அழுத்தம் போதும். மார்லிஸும் அதே ரகம்தான், அழுத்தக்காரி. கட்டைவிரலால் காற்றையெல்லாம் தள்ளி, நீவி, அழுத்தி ஒட்டினேன். நானே ஒருகணம் நின்று ரசித்தேன்.

மூன்று மணிக்கு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேராக டப்பாவிடம் போனாள்.

"தொட்டியா?"

"டேப்பைப் பாரு. சுருக்கம் இருக்கா?"

"இல்ல."

"காத்துக் குமிழி?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்புறம் என்ன?"

"அதான் ஆர்லன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல நான் ஒட்டின டேப் என்னிக்காவது சுருக்கமில்லாம இருந்திருக்கா? நான் கிறிஸ்துமஸ் பரிசு ஒட்டினா, 'இது பரிசா, விபத்தா'ன்னு கேக்கறவனே நீதானே?"

"ஒரு நாள் கை நல்லா வந்திருக்கும்."

"சரி. முனையை மடிச்சது யாரு?"

பார்த்தேன். டேப்பின் நுனி கால் அங்குலம் உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. கத்தி போல நேராக. தொழிற்சாலையில் ஒவ்வொரு சுருளையும் அப்படித்தான் முடிப்போம். வாங்குகிறவன் நகத்தால் சுரண்டித் தேடக்கூடாது. ஓர் இரவுக்கு ஆயிரம் சுருள். கை என்னைக் கேட்காமலே மடித்துவிட்டது.

"உன் தம்பிதான் சூடு காட்டச் சொன்னான்!"

"சொல்லுன்னு நான்தான் சொன்னேன். அக்டோபர்லேர்ந்து ஜன்னல் ஜன்னல்னு கத்தறேனே, கேட்டியா?"

"அப்போ என் சர்க்கரை? எனக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"அதுல சர்க்கரையே போடல. தின்னும் தெரியலையா?"

ஞாயிறு மதியம் டெல்பர்ட் வீட்டில் ஒன்பதாவது ஜன்னல். பிளாஸ்டிக் விறைத்துத் தெளிந்ததும் ஏரி தெரிந்தது. இரண்டு ஸ்டூல். ஒன்றில் டெல்பர்ட். இன்னொன்றில் சிவப்புக் கோட்டு, மடியில் தகர டப்பா. மார்லிஸ் எழுந்து தூண்டிலை இழுத்தாள். பதினாறு வருடமாக நான் உட்கார்ந்த இடத்தில் முதல் முறையாக ஒரு மீன் வந்தது.

ஹேர் டிரையரை அணைத்தேன். பத்தாவது சட்டத்துக்கு டேப் எடுத்தேன். கட்டைவிரலால் நீவினேன். முனையை மடித்தேன்.