நிமிடத்துக்கு ஐம்பத்தாறு தட்டில் ஒரு முகூர்த்தப் புடவை

ஆரணி,
செவ்வாய்க்கிழமை காலை.

என் அக்கா பெற்ற அருஞ்செல்வியும், சென்னையில் உலகத்துப் பாட்டுகளுக்கெல்லாம் வேகம், சுருதி, மனநிலை என்று பெயர்ச்சீட்டு ஒட்டும் உத்தியோகம் பார்ப்பவளும், இன்னும் பன்னிரண்டு நாளில் மணவறை ஏறப்போகிறவளுமான சிவசங்கரிக்கு, உன் தாய்மாமன் இளவரசன் எழுதும் மடல். நானும் என் மூட்டுவலியும் சௌக்கியம். இனி நான் சொல்லப்போவதை ஆரணியில் ஒருவரும் நம்பமாட்டார்கள், நீயும் நம்பமாட்டாய். ஆனாலும் ஒரு எழுத்துக்கூட மிகையில்லை என்று வலது கையைத் தலையில் வைத்துச் சத்தியம் செய்து, இடது கையால் இதை எழுதுகிறேன்.

போன வாரம் ஆப்பெரா என்கிற மேல்நாட்டு இசைநாடகத்திலிருந்து ஒரு பாட்டு அனுப்பினாய். இத்தாலிக்காரி ஒருத்தி பாடியது. "வேகம் நிமிடத்துக்கு ஐம்பத்தாறு தட்டு, சுருதி எஃப் மைனர். மனநிலை மட்டும் முடிவாகல. ஆபீசுல சோகம்னு போடச் சொல்றாங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க மாமா" என்று எழுதியிருந்தாய். புருஷன் கைவிட்ட ராணி விஷம் குடிப்பதற்கு முன்னால் பாடுகிறாள் என்று கதையும் சொன்னாய். இத்தனை கோடிப் பேர் இருக்க என்னைக் கேட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

நேராக ஜெகநாதன் வீட்டுக்குப் போனேன். உன் முகூர்த்தப் புடவை அவர் தறியில்தானே இருக்கிறது. பாட்டு ஓடாவிட்டால் அவர் கால் தறியின் மிதிக்கட்டையில் பதியாது. பாட்டின் தட்டுக்குத்தான் நூலை நெருக்கும் பலகையை இழுத்து அடிப்பார். அன்றைக்குப் பார்த்து அவர் ரேடியோ படுத்துவிட்டது. சரி, இரண்டு வேலையும் ஒன்றாக முடியட்டும் என்று என் போனைத் தறிமேல் வைத்து உன் ராணியைப் பாடவிட்டேன். அவள் ஒரு மூச்சு இழுத்து 'ஆ' என்று ஆரம்பித்தாள். ஜெகநாதன் பலகையைப் பிடித்தபடி அவள் முடிப்பதற்காகக் காத்திருந்தார். நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தக் கரையில் புறப்பட்டு அந்தக் கரை சேர்வதற்குள் நான் கலசப்பாக்கம் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். மத்தியானம் வரைக்கும் இரண்டு விரல் அகலம்தான் நெய்திருந்தார். அந்த வேகத்தில் போனால் புடவை உன் பேத்தி கல்யாணத்துக்குத்தான் முடியும்.

"இன்னாங்க இது, ஜல்தியா அடிங்க" என்றேன்.

"நான் இன்னா பண்ணட்டும், அந்தம்மா வுட்டாத்தானே" என்றார் ஜெகநாதன்.

அவர் மனைவி ராஜம்மாள், "ரொம்ப பேஜாரா கீதுண்ணா, பாட்ட மாத்துங்க" என்றார். மாற்றுவதா? நான் ஒரு பொத்தானை அழுத்தி வேகத்தை இரண்டு மடங்கு ஆக்கினேன். நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு. சுருதியும் கூடவே ஒரு மாடி ஏறிக்கொண்டது. அதற்கப்புறம் ஜெகநாதன் கையும் காலும் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. நாடாவில் புகை வந்தது. ராஜம்மாள் சொம்புத் தண்ணீரோடு பக்கத்திலேயே நின்றார். அடுத்த தெருவில் ஓடிக்கொண்டிருந்த பவர்லூம் வெட்கப்பட்டுத் தானாக நின்றது. ஒரு மணி நேரத்தில் நாலு முழம்.

ஒரே ஒரு சங்கடம். அந்த உயரத்தில் ராணி பாடியது சந்தவாசல் ஊர் வரைக்கும் கேட்டது. கேட்டவர்களெல்லாம் ஜெகநாதன் வீட்டில் துக்கம் என்று முடிவு கட்டி, மாலையும் கையுமாக வாசலில் கூடிவிட்டார்கள். பந்தல்காரர் பாலமுருகன் வண்டி நிறைய பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து இறக்கினார்.

"எப்பங்க எடுக்கறீங்க?" என்று கேட்டார்.

"எத்த?" என்றார் தறியிலிருந்து ஜெகநாதன்.

"யாரு தவறினதுன்னே சொல்லலியே."

"யாரும் தவறலபா. நான் நெய்துகினு கீறேன்."

அந்த நேரத்தில்தான் வெம்பாக்கத்திலிருந்து உன் வருங்கால மாமியார் மணிமேகலை அம்மா, புடவையைத் தறியிலேயே பார்த்துவிடலாம் என்று ஆட்டோவில் வந்து இறங்கினார். வாசலில் மாலை, தெருவில் நாற்காலி, உள்ளே ஒரு பெண்ணின் ஓலம். சாவு வீட்டில் நெய்த புடவை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் புடவையும் போச்சு, கல்யாணமும் ஆட்டம் கண்டுவிடும். வேறு யாராக இருந்தாலும் கொல்லைப்புறமாக ஓடியிருப்பார்கள். நான் முன்னால் போய் நின்றேன்.

"இன்னாங்க இது, யாரு அழறது?" என்றார்.

"அழலீங்க, பாடறாங்க. இத்தாலியில பொண்ணு மணவறைக்கு வர்றப்போ போடற பாட்டு."

"கல்யாணத்துல இப்டியா கத்துவாங்க?"

"பொறந்த வீட்ட வுட்டுட்டுப் போறாளே, பின்ன சிரிப்பாளாங்க?"

"மாலை எதுக்கு?"

"சம்பந்தியம்மா வர்றீங்கன்னு ஊரே தெரண்டு வந்துகினு கீது. ராஜம்மா, மாலைய போடு."

போட்டார். நாற்காலியிலும் உட்கார வைத்தோம். அம்மா புடவையைத் தடவிப் பார்த்தார், பாட்டைக் கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு இப்டி ஒரு பாட்டு யாரும் போடல. நம்ம பொண்ணு மணவறைக்கு வர்றப்போ இத்ததான் போடணும்" என்றார். அதற்கென்ன என்று தலையை ஆட்டினேன். விஷயம் சுபமாக முடிந்தது.

ஆகவே உன் ஆபீசில் சொல்லிவிடு. வேகம், கேட்கிறவர் அவசரத்தைப் பொறுத்தது. மனநிலை, மங்களம். சந்தேகம் இருந்தால் என்னிடம் அனுப்பச் சொல்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் ஒரே தட்டில், சுருதி விலகாமல் வாழ வேண்டும். அக்காவுக்கு என் அன்பு. அத்தானிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
சங்கீத ஞானி, உன் மாமன்,
இளவரசன்

பின்குறிப்பு: புகைந்த நாடா, மாலை, நாற்காலி, பாலமுருகன் எல்லாம் என் கைச்சரக்கு. ஜெகநாதன் ரேடியோ நன்றாகப் பாடுகிறது. புடவை போன வியாழக்கிழமையே முடிந்து நம் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. மணிமேகலை அம்மா அதைப் பார்க்க வந்தபோது நான் உன் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன பாட்டு என்றார், கல்யாணப் பாட்டு என்று சும்மா சொல்லிவைத்தேன். அதை மணவறையில் போடணும் என்று அவர் கேட்டது மட்டும் நிஜம். நாதஸ்வரக்காரருக்கும் அனுப்பிவிட்டாராம், மூன்று நாளாக ஒத்திகை நடக்கிறது. ராணி விஷம் குடிக்கிற கதையை உன் மாமியாரிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடம்மா. எனக்குத் தைரியம் இல்லை.