முருங்கையிலைத் திருநீறு

அந்த ஞாயிற்றுக்கிழமை ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் இருந்தவர்கள்: சம்பந்தம், அவர் மனைவி லோகநாயகி, மகள் சின்மயி, பெண் பார்க்க வந்த குப்புராஜ், அவர் மனைவி, மகன். வேறு யாரும் இல்லை. பிறகு காலனியில் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்கிறவர்களைச் சம்பந்தம் ஏற்பதில்லை.

விருந்தினர் கிளம்பும் நேரத்தில் விபூதிச் சம்புடம் காலி. திருநீறு கொடுக்காமல் அந்த வீடு யாரையும் அனுப்பியதில்லை. சாமி படத்தருகே ஒரு குப்பியில் வெள்ளைப் பொடி தெரிந்தது. சம்பந்தம் அதைத் தட்டில் கவிழ்த்து, மூன்று நெற்றியிலும் பட்டையாகப் பூசினார்.

"பளிச்னு இருக்கே சார்! எந்தக் கோவில்?" என்றார் குப்புராஜ்.

"எங்க குலதெய்வத்துது" என்று சம்பந்தம் நிமிர்ந்தார்.

உள்ளேயிருந்து சின்மயி கத்தினாள்: "அம்மா, என் ஜிங்க் ஆக்ஸைடு பத்திரமா இருக்கா? நாளைக்கு டெமோ!"

சம்பந்தம் பலமாக இருமினார்.

முருங்கையிலைச் சாற்றைக் கொண்டு இரண்டு மாதம் பாடுபட்டு அவள் செய்த நானோ பொடி அது. வாயுக் கசிவைக் காட்டும் சென்சாரில் பூச வேண்டும். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் கம்பெனியில் நாளை அது சரியாக இயங்கினால் அங்கேயே அவளுக்கு வேலை. யாரும் தொடமாட்டார்கள் என்றுதான் சாமியருகே வைத்திருந்தாள்.

குலதெய்வத்தின் பெயரைச் சம்பந்தி வீட்டாரிடம் சொன்ன பிறகு மாற்றிப் பேசுவதா? சம்பந்தம் கடையில் விபூதி வாங்கி வந்து குப்பியை நிரப்பினார். அது சாம்பல் நிறமாக இருந்தது. லோகநாயகியின் முகப் பவுடரைக் கலந்தார். வெளுத்தது, மணத்தது. மணம் போக மொட்டை மாடி வெயிலில் வைத்தார். மணம் தெருவுக்கே வந்துவிட்டது.

"என்னங்க, மாடியில யாரு பவுடர் போட்டுக்கிறது?" என்றாள் லோகநாயகி.

மறுநாள் காலை சின்மயி குப்பியைப் பையில் வைத்துக்கொண்டு, "வரேன்ப்பா" என்று வாசலில் நின்றாள். ஒரு சொல் போதும். மூன்று தலைமுறைப் பெருமை குறுக்கே நின்றது.

"போயிட்டு வாம்மா" என்றார்.

சென்சார் இயங்கவில்லை. வேலை வேறொருவருக்குப் போயிற்று. "வேற குப்பியை எடுத்துட்டுப் போயிட்டேன், என் தப்புதான்" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலனி முழுக்க அதுதான் பேச்சு. அவளைப் பார்க்க வந்த தோழி ஹஃபீசாவிடம் சம்பந்தமும் அதையே சொன்னார். இப்போதெல்லாம் அவர் குரல் தாழ்ந்திருந்தது. "கவனிக்காம எடுத்துட்டுப் போயிட்டா, குழந்தை."

"இல்ல அங்கிள். தாம்பரம் ஸ்டேஷன்லயே அம்மா பவுடர் வாசனை வந்து திறந்து பார்த்துட்டா. நீங்களே போன் பண்ணிச் சொல்லுவீங்கன்னு மூணு ட்ரெயினை விட்டுட்டு உட்கார்ந்திருந்தா."