போச்சு சார் கண்ட தண்ணீர்

அவநம்பிக்கைக்கு ஆள் எடுத்தால், நேர்முகத் தேர்வு இல்லாமலே வேலை கிடைத்திருக்கும் எங்கள் போச்சு சாருக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர், பெயின்ட் பரிசோதிக்கும் எங்கள் லேபில் அவர்தான் சீனியர். "குட்மார்னிங் சார்" என்றால் "போச்சு" என்பார். என்ன போச்சு என்று கேட்டால், கரன்ட்டில் ஆரம்பித்து சூரியன் அணைவதுவரை போவார். சூரியனுக்கு இன்னும் பல கோடி வருஷம் இருக்கிறதே என்றால், "அதுக்கப்புறம்?" என்று முறைப்பார்.

ரப்பர் அவருக்குச் சோறு போட்டது; உயிர் மட்டும் சிறுகோள்களிடம் இருந்தது. சூரியக் குடும்பம் உருவான காலத்திலிருந்து அதிகம் மாறாமல் சுற்றிக்கொண்டிருக்கும் கறுப்புக் கற்கள். அவற்றில் தண்ணீர் உண்டா என்பதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. அந்தக் கற்களிலிருந்து உடைந்து பூமியில் விழுந்த விண்கல் ஒன்றின் பொடியை அவருடைய கைடு ஒரு சிட்டிகை தந்திருந்தார். அதை ஒரு வெள்ளை உப்போடு அரைத்து, வில்லையாக அழுத்தி, அகச்சிவப்புக் கதிரைச் செலுத்த வேண்டும். தண்ணீர் இருந்தால், கருவி வரையும் கோட்டில் ஓரிடத்தில் பள்ளம் விழும். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி அவகாசமோ அந்த மாதத்தோடு முடிந்தது.

அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும். அதனால் வில்லை செய்த அன்று நாங்கள் மூச்சு விடவே தடை. டீ கொண்டுவந்த ஆறுமுகத்தை வாசலிலேயே மறித்தார்.

"நனைஞ்சிருக்கே. உள்ள வராதே!"

"மழைல வந்தா நனையாம இன்னா சார் பண்றது? டீ கூட தண்ணிதான் கீது, திருப்பி எத்துகினு போவட்டா?"

"போ!"

பள்ளம் விழுந்தது. அடேயப்பா, என்ன ஆழம்! போச்சு சார் சிரித்தார். இரவல் சட்டை மாதிரி அந்தச் சிரிப்பு அவருக்குப் பொருந்தவே இல்லை. எல்லாருக்கும் மசால் வடை வாங்கித் தந்தார், ஆறுமுகத்துக்கு இரண்டு.

கல் கலக்காத வெறும் உப்பு வில்லையையும் சோதிப்பது முறை. அன்றே செய்திருக்க வேண்டும். சந்தோஷம் பழக்கமில்லாத மனிதர், மறந்துவிட்டார். மறுநாள் செய்தார். கல்லே இல்லாத உப்பிலும் அதே இடத்தில் அதே பள்ளம். அவர் கண்டுபிடித்தது விண்வெளித் தண்ணீர் அல்ல, அம்பத்தூர் மழைக்காலம்.

பொடியில் மீதி இல்லை. உப்பிலிருந்து அதைப் பிரிக்க வேண்டுமானால் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கொடுமையே!

"வெறும் வில்லை விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும் சார். யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"கைடுக்கு போன் பண்ணி சொல்லிட்டேன்பா. வேற பொடி இல்லைன்னுட்டார்."

அன்று அவர் "போச்சு" என்று சொல்லவில்லை.

என் வீடு மண்ணூர்பேட்டையில், நடந்தே போய்விடலாம். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகும் பூந்தமல்லி பஸ்ஸில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ எங்கப்பா இந்தப் பக்கம்?"

"பூந்தமல்லியில ஒரு வேலை சார்."

எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அந்த மனிதரைத் தனியாக வீட்டுக்கு அனுப்ப மனசு வரவில்லை, அவ்வளவுதான்.