மணல்பெட்டிக் கிழங்கு

"ஐயோ யோகா, இதுவும் அழுகிப்போச்சு!"

நிலவறைப் படியில் நின்று கேதீஸ்வரன் போட்ட சத்தம் குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற மனைவிக்குக் கேட்டது. ஆவணியில் தகப்பனின் முதலாம் ஆண்டுத் திவசம். போன வருஷம் கொள்ளி வைக்கக்கூட அவனால் மெல்பேர்ணிலிருந்து யாழ்ப்பாணம் போக முடியவில்லை. திவசத்தையாவது குறையில்லாமல் கொடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

படையலில் கரட், முட்டைக்கோவா, பீற்றூட் போன்ற சீமைக் காய்கறி எதுவும் சேர்க்கக்கூடாது. 1974ஆம் ஆண்டு மெல்பேர்ண் குளிர்காலச் சந்தையிலோ அவைதான் மலைமலையாகக் கிடந்தன. பங்குனியில் சிநேகிதன் வரதராஜா குயின்ஸ்லாந்திலிருந்து கொண்டுவந்த ஒரு சாக்கு வத்தாளங்கிழங்குதான் கதி. இந்தியத் தமிழர் சர்க்கரைவள்ளி என்பார்களே, அது. அவனுடைய அப்பருக்கு அதென்றால் உயிர்.

வாடகை வீட்டின் சொந்தக்காரி டொறீன்தான் வழி சொன்னாள். "நிலவறையில் வையுங்கள். நானும் அங்கேதான் மணலில் புதைத்து வைக்கிறேன். வசந்தம்வரை ஒன்றும் ஆகாது." சொல்லிவிட்டுக் கீலோங்கிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

வெயிலில் விளைந்த கிழங்குக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. பூஞ்சணம் பிடித்தது. கேதீஸ்வரன் மண்ணெண்ணெய் ஹீற்றரைப் பக்கத்தில் வைத்தான். கிழங்கு வியர்த்துக் கொழகொழத்தது.

"கழுவிப் பாப்பமே?"

"கழுவினா இன்னும் கெதியா அழுகுமப்பா."

"அப்ப பூஞ்சணத்தோடயே அப்பருக்குப் படைக்கச் சொல்லுறியோ?"

கழுவினான். அடுத்த கிழமை நாற்றம் சாப்பாட்டு மேசைவரை ஏறி வந்தது. அதற்குச் சாம்பிராணி போட்டான். புகையைக் கண்ட பக்கத்து வீட்டுக்காரன் தீயணைப்புப் படையைக் கூப்பிட, அவர்கள் பீய்ச்சிய தண்ணீரில் மிச்சமும் ஊறிப்போனது.

தேறியது ஒரு கை கிழங்கு. மூலையில் டொறீனின் மணல்பெட்டி கண்ணில் பட்டது. உள்ளே தள்ளி மூடிவிட்டுக் கும்பிட்டான்.

"இனிக் கை வைக்கமாட்டன், அப்பா."

திவசத்தன்று காலையில் மணலைக் கிளறியவன் அப்படியே இருந்து அழுதுவிட்டான்.

"யோகா, ஓடிவா! கிழங்கு பெருகியிருக்கு!"

கொத்துக் கொத்தாக, கல்லுப்போல, அழுகலின் சுவடே இல்லாத கிழங்குகள்.

"மணலுக்கை கிடந்து பெருகுமோ?" யோகா இழுத்தாள்.

"அப்பர் என்னைக் கைவிடேல்லை. வேற என்ன?"

ஐயர் இல்லாத ஊர். வரதராஜா தெரிந்த மட்டில் தேவாரம் பாடினான். படைத்த சோற்றைக் காகம் கூப்பிட முன்னமே வந்து கொத்தியது. கறி கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. ஆனாலும் எல்லாரும் இலையை வழித்துச் சாப்பிட்டார்கள். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் கேதீஸ்வரனுக்கு அன்றைக்குத்தான் இறங்கியது.

மத்தியானம் டொறீன் மகள் வீட்டிலிருந்து திரும்பி வந்தாள். வாசலிலேயே அவளை மறித்து உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். கிழங்குக் கறியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "உங்கள் அப்பா கொடுத்துவைத்தவர்" என்றாள். கேதீஸ்வரனுக்குக் கண் கலங்கியது.

கை கழுவிக்கொண்டு நிலவறைக்குள் இறங்கியவள் கொஞ்ச நேரத்தில் வெளிறிய முகத்தோடு மேலே வந்தாள்.

"கேதீஸ், என் கணவர் பிராங்க்கின் கல்லறையில் வருஷாவருஷம் நடுகிற டேலியாப் பூக்கிழங்கை அந்த மணல்பெட்டியில்தானே வைத்திருந்தேன், யார் எடுத்தது?"